இன்னும் வராத வண்டிக்கு ஒரு சேத மதிப்பீடு

கிரவீனில் இன்று நாற்பத்திரண்டு பாகை.
கராஜின் தகரக் கூரை
நெட்டி முறிக்கிறது.

சாப்பாட்டு நேரம். ஃபாதியின் போனில் ஒரு படம்:
கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டி மறைத்த வண்டி,
யாரோ வேலிக்கு மேலால்
கை நடுங்க எடுத்தது.
பின்விளக்கு நான்கும் வட்டம், பார், என்கிறான்.
எனக்குத் தெரிவது வேலி.

அடுத்த ஜி.டி.ஆர். இதுதானாம்.
போன வருடமும் இதுதான் என்றான்,
அப்போது அது முழுக்கப் பற்றரி.
அதற்கு முந்தைய வருடம் பாதிப் பற்றரி.
இப்போது ஆறு சிலிண்டரும் திரும்பி வந்துவிட்டன;
யாரோ ஒரு பொறியாளரின் மைத்துனன்
யாருக்கோ சொல்லியிருக்கிறான்.

மின்சாரம் என்றால் சத்தம் எங்கே என்று
சோற்றுப் பெட்டியை அறைந்து மூடுகிறான் குவாங்.
ஒலிபெருக்கியில் போடுவார்கள் என்கிறான் ஃபாதி.
ஆள் வராத நாளில் கோயிலில்
நாதஸ்வரத்துக்குக் கசெற் போடுவது போலவா
என்று கேட்க வாயெடுத்தேன்.
அதை இவர்களுக்கு எங்கே தொடங்கி விளக்குவது.
விட்டுவிட்டேன்.

என் தொழில் சேத மதிப்பீடு.
எனக்கு வண்டிகளை அறிமுகம் செய்துவைப்பவை
விளம்பரங்கள் அல்ல,
மின்கம்பங்கள்.
முப்பத்திரண்டின் கதவு எந்த இடத்தில் மடியும்,
முப்பத்தைந்தின் மூக்கு என்ன விலைக்கு நொறுங்கும்,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
அடுத்ததையும் அப்படித்தான் பார்க்க வருகிறது எனக்கு,
முடிவிலிருந்து.
தரையோடு பற்றரி என்றால்
ஒரு நடைபாதை விளிம்பு போதும், முழு நட்டம்.
கார்பன் கூரை என்றால்
ஆலங்கட்டி மழைக்குப் பிறகு
தட்டி நிமிர்த்த ஒன்றும் மிஞ்சாது.
பக்கக் கண்ணாடிக்குப் பதில் கமரா என்றால்
தன் உருவத்தோடு சண்டைபிடிக்கும் மக்பைகள்
வேலையிழக்கும்.

மூன்றாம் மேடையில் பழையது படுத்திருக்கிறது.
சனிக்கிழமை மழையில்
ப்ரொஸ்பெக்ட் பக்கம் ஒரு வளைவில்
இரண்டரைச் சுற்றுச் சுற்றியது.
உடையவன் எலியட், இருபத்து மூன்று வயது,
முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.
நாள்தோறும் வருகிறான்,
ஆஸ்பத்திரிக்கு வருகிறவனைப் போல
எதையாவது வாங்கிக்கொண்டு.
இன்று ஐந்து ஐஸ் கோப்பி.

திருத்தலாமா என்று கேட்பதை
நேற்றோடு நிறுத்திவிட்டான்.
இன்று கேட்டது:
புதியது அடுத்த வருடம் வருமா?

ஃபாதி வரும் என்றான், குவாங் வராது என்றான்,
இரண்டு பேரும் குதிரைவலுவில் முட்டிக்கொண்டார்கள்.
நிமலரூபன் பேசவில்லை.
பதின்மூன்று வருடமாய்த் தற்காலிக விசாவில்
எங்களுக்குத் தகடு நிமிர்த்துகிறவன்.
அடுத்த வருடம் என்ற சொல்
எங்கே நெளியும், எங்கே வெடிக்கும் என்று
அவனைவிடத் தெரிந்தவர்
இந்தத் தெருவில் இல்லை.
சுத்தியலைத் துடைத்து வைத்துவிட்டு
என்னிடம் தமிழில் சொன்னான்:
"வரும் எண்டு சொல்லுங்கோ அக்கா.
வராட்டிலும் பெடியனுக்கு
ஒரு வருசம் ஓடும்."

முதல் வரியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

எலியட் தலையாட்டினான்.
பிறகு கியர்க் குமிழைக் கழற்றலாமா என்று
தரையைப் பார்த்துக் கேட்டான்.
விதிப்படி அது இனிக் காப்புறுதிக் கம்பனியின் சொத்து.
படிவத்தின் ஏழாம் பக்கத்தில் எழுதினேன்:
கியர்க் குமிழ், வரும்போதே இல்லை.

ஐந்தரைக்குக் கதவு இறக்கும்போதும்
வெயில் இறங்கவில்லை.
சங்கிலியைப் பாதியில் பிடித்துக்கொண்டு
நிமலரூபன் கேட்டான்,
யாருக்கும் கேட்காத குரலில்:

"அந்தப் புதுசிலை அக்கா...
கையாலை போடுற கியர் இருக்குமோ?"